உடலை வாங்கப்போவது யார்? இறந்தவரின் விருப்பமும் சட்டமும்

சென்னையில் எந்த அரசு மருத்துவமனைப் பிணவறையிலிருந்தும் உடலை வெளியே எடுக்க ஒரு கையெழுத்து வேண்டும். போலீஸ் வழக்கு என்றால் காவலர் நீட்டும் தாளில், இல்லையென்றால் பதிவேட்டில். “இன்னாருடைய உடலைப் பெற்றுக்கொண்டேன்” என்று ஒரு வரி, உறவுமுறை, ஆதார் நகல், கைபேசி எண். அந்தக் கையெழுத்தைப் போடுகிறவர்தான் அடுத்த சில மணி நேரத்துக்கு எல்லாவற்றையும் முடிவுசெய்கிறவர். எரிப்பதா புதைப்பதா, கண்ணைக் கொடுப்பதா, மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதா, சொந்த ஊருக்கு வண்டி பிடிப்பதா, சடங்கு உண்டா இல்லையா, எல்லாம் அவர் சொல்படி. இறந்தவர் என்ன கேட்டிருந்தார் என்று விசாரிக்க அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை.

“நான் செத்தா சடங்கெல்லாம் வேண்டாம்” என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவரின் நெற்றியில் திருநீறு பூசிக் கொள்ளி வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. உடலைப் பொறுத்தவரை விருப்பத்தைவிட, உடலைச் சட்டப்படி வைத்திருப்பவர் யார் என்பதே கனமானது. ஆகவே எழுதிவைப்பதைப் பற்றி யோசிக்கும் முன், வாங்கப்போகிறவர் யார் என்று யோசிப்பதே சரியான வரிசை.

சொத்தல்ல, பொறுப்பு

உயிரற்ற உடல் யாருக்கும் சொத்து அல்ல. இது ஆங்கிலேயப் பொதுச்சட்டம் நமக்கு விட்டுச்சென்ற கொள்கை. 1614-ல் இங்கிலாந்தில் ஹெய்ன்ஸ் என்பவன் கல்லறைகளைத் தோண்டி, பிணத்தைச் சுற்றியிருந்த துணிகளைத் திருடிப் பிடிபட்டான். துணி யாருடையது என்பதே வழக்கு. பிணத்தால் எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது, துணியைப் போர்த்தியவருக்கே அது சொந்தம் என்று தீர்ப்பானது. பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் இதை நீட்டி, பிணமே யாருக்கும் சொந்தமில்லை என்ற இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அதன் விளைவு 1882-ல் வந்த வில்லியம்ஸ் வழக்கில் பளிச்சென்று தெரிந்தது. ஹென்ரி குரூக்கன்டன் என்பவர் தன் உடலை எரிக்க வேண்டும் என்று உயிலின் பின்னிணைப்பில் எழுதி, பொறுப்பைத் தோழி எலைசா வில்லியம்ஸிடம் கொடுத்தார். செலவைத் தன் சொத்திலிருந்து தந்துவிடவும் சொல்லியிருந்தார். குடும்பத்தார் கேட்கவில்லை, லண்டனில் புதைத்துவிட்டார்கள். அந்த அம்மாள் விடவில்லை. வேறு ஊரில் புதைக்கப்போவதாகச் சொல்லி அனுமதி வாங்கி, உடலைத் தோண்டி எடுத்து, இத்தாலியின் மிலான் நகருக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டு, செலவைக் கேட்டு வழக்குப் போட்டார். உடல் சொத்தல்ல, சொத்தல்லாத ஒன்றை உயிலால் யாருக்கும் கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை.

இந்தியாவில் நீதிமன்றங்கள் இந்த அடித்தளத்தின் மேல் அரசியலமைப்பின் 21-வது பிரிவைக் கட்டியிருக்கின்றன. கண்ணியமாக வாழும் உரிமை உயிர் போன பிறகு உடலுக்கும் நீளும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொன்னது. வீடற்றவர்களின் உடலுக்கும் உரிய இறுதிச்சடங்கு வேண்டும் என்று 2002-ல் சொன்னது. மலேசியாவில் இறந்த தொழிலாளியின் உடலை ஊருக்குக் கொண்டுவரக் கேட்ட சேதுராஜா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2007-ல் இதே வழியில் நின்றது. குற்றவியல் சட்டமும் காவலுக்கு இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-வது பிரிவுப்படி, பிறர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கில் மயானத்தில் அத்துமீறுவதும் பிணத்தை அவமதிப்பதும் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஆனால் கண்ணியம் வேறு, விருப்பம் வேறு. எரிக்கச் சொன்னவரை மரியாதையோடு புதைத்தால் கண்ணியத்துக்குக் குறைவில்லை. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான குடும்பச் சண்டைகள் நடக்கின்றன.

மனைவியா, மகனா, அண்ணனா?

உடலைப் பெற முதல் உரிமை யாருக்கு, அடுத்து யாருக்கு என்று வரிசை போட்ட பொதுவான சட்டம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. நடைமுறையில் கணவன் அல்லது மனைவி, பிறகு வயதுவந்த பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று மருத்துவமனையும் காவல் நிலையமும் பார்க்கின்றன. இது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் சாயலில் உருவான பழக்கம். அந்தச் சட்டம் சொத்தைப் பற்றியது, உடலைப் பற்றியது அல்ல. வாரிசுச் சான்றிதழைக் கொண்டுவா என்று சிலர் கேட்பதும் அர்த்தமற்றது. இறப்புச் சான்றிதழை வைத்துத்தான் தாசில்தாரிடம் அதற்கே விண்ணப்பிக்க முடியும்; உடல் அதுவரை காத்திருக்காது.

மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும், பங்காளிகள் வராமல் எடுக்கக்கூடாது என்பதெல்லாம் வழக்கம். மகள் கொள்ளி வைப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் கிடையாது. பங்காளி முறையை மட்டும் காட்டி மனைவியிடமிருந்து உடலைக் கேட்டால் போலீஸ் பொதுவாக மனைவி பக்கமே நிற்கும்.

சிக்கல் வருவது இரண்டு குடும்பம் இருக்கும்போது. பிரிந்து வாழ்ந்தாலும் விவாகரத்துத் தீர்ப்பு இல்லாதவரை முதல் மனைவிதான் சட்டப்படி மனைவி. இருபது வருடம் கூடவே இருந்து, மருத்துவமனையில் படுக்கைக்குப் பக்கத்திலேயே காத்துக்கிடந்தவர் இரண்டாவது துணை என்றாலும், இந்துத் திருமணச் சட்டத்தின்படி அந்தத் திருமணம் செல்லாது. அதே சட்டத்தின் 16-வது பிரிவு அந்த உறவில் பிறந்த பிள்ளைகளைச் சட்டபூர்வமான பிள்ளைகளாக ஏற்கிறது. ஆகவே பிணவறை வாசலில் அந்த அம்மாளின் பேச்சு எடுபடாத இடத்தில், அவருடைய வயதுவந்த மகன் “நான் அவரோட பையன் சார்” என்று நின்றால் எடுபடும். இரு தரப்பும் விட்டுக்கொடுக்காவிட்டால் ஆய்வாளர் இருவரையும் உட்காரவைத்து எழுதி வாங்குவார்: உடல் இந்த வீட்டுக்கு, காரியம் அந்த வீட்டில், ஊர்வலம் இந்தத் தெரு வழியாக என்று. அதுவும் நடக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அதுவரை உடல் குளிர்பெட்டியில்.

மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள், தன்பாலினத் துணைவர்கள், உற்ற நண்பர்கள் ஆகியோரின் நிலை இன்னும் இளைத்தது. நெருங்கிய உறவினர் யாரும் இல்லாதபோது துணைவர் உடலைக் கோர வழிசெய்யுமாறு ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதியது. “யாரும் இல்லாதபோது” என்பதைக் கவனிக்க வேண்டும். பத்து வருடம் பேசாத அண்ணன் ஒருவர் வந்து நின்றாலே அந்தக் கடிதம் பலமிழந்துவிடும்.

உயில் ஏன் உதவுவதில்லை

குரூக்கன்டனுக்கு நேர்ந்தது ஒரு பக்கம். நம் ஊரில் அதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு: உயிலைப் பிரிப்பது பத்தாம் நாளுக்கு அல்லது பதினாறாம் நாளுக்குப் பிறகுதான். பீரோவைத் திறந்து பார்க்கும்போது அஸ்தி பெசன்ட் நகர் கடலில் கரைந்திருக்கும். வங்கி லாக்கரில் வைத்திருந்தால் இன்னும் மோசம், வாரிசுதாரர் நடைமுறை முடியாமல் லாக்கரைத் திறக்க விட மாட்டார்கள்.

உயிலால் உடலுக்கு ஒரே ஒரு நன்மை உண்டு, அது பணம். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன் 320-வது பிரிவு, இறந்தவரின் நிலைக்கேற்ற நியாயமான ஈமச்செலவை எல்லாக் கடன்களுக்கும் முன்னால் சொத்திலிருந்து கொடுக்கச் சொல்கிறது. கையிலிருந்து செலவு செய்த தம்பி, ரசீதுகளை வைத்திருந்தால் இதைக் காட்டித் திரும்பக் கேட்கலாம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்று 2023 ஜனவரியில் எளிமையாக்கிய முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் என்பது உயிர் இருக்கும்போது வென்டிலேட்டர் போன்ற சிகிச்சைகள் வேண்டுமா வேண்டாமா என்பதற்கானது. இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசடட் அதிகாரியின் சான்றும் போதும். ஆனால் உயிர் போன நொடியில் அதன் வேலை முடிந்துவிடுகிறது.

எழுத்துக்குச் சட்டப் பலம் உள்ள இரண்டு இடங்கள்

உறுப்பு தானமும் உடல் தானமும் மட்டும் வேறு கணக்கு. இவற்றுக்குச் சட்டம் உண்டு.

மனித உறுப்புகள் மாற்றுச் சட்டம் 1994-ன் 3-வது பிரிவுப்படி, ஒருவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அதில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க, எழுத்தில் சம்மதம் கொடுத்திருந்தால், பிறகு அவர் மனம் மாறினார் என்று நம்பக் காரணம் இல்லாதவரை, உடலை வைத்திருப்பவர் அதை நிறைவேற்ற மருத்துவருக்கு வசதி செய்துதர வேண்டும். வாழும்போது நிரப்புவது படிவம் 7. இறந்த பிறகு குடும்பம் தருவது படிவம் 8. சட்டத்தின் வாசகத்தை மட்டும் பார்த்தால் படிவம் 7 இருந்தாலே போதும்போல் தோன்றும். நடப்பது வேறு. குடும்பத்தில் ஒருவர் அழுதுகொண்டே “வேண்டாம்” என்றால் எந்த மருத்துவமனையும் கத்தியை எடுக்காது. அட்டையை எத்தனை பேர் பர்ஸில் வைத்திருந்தாலும் படிவம் 8-ல் விழும் கையெழுத்துதான் கடைசி.

இதயம், கல்லீரல், சிறுநீரகம் போன்றவற்றுக்கு மூளைச்சாவு அடைந்து வென்டிலேட்டரில் இருப்பவரிடம்தான் வழி. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துப் படிவம் 10-ல் சான்றளிக்கும். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போது சம்மதம் கேட்பதால்தான் குடும்பங்கள் உடைந்துபோகின்றன. உறுப்புகளைக் காக்கும் செலவும் எடுக்கும் செலவும் கொடையளிப்பவரின் குடும்பத்தின் தலையில் விழக்கூடாது என்று 2014 விதிகள் சொல்கின்றன. பில்லில் அவை இருந்தால் கேள்வி கேட்கலாம். 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது.

கண் தானம் இவ்வளவு கடினமில்லை. வீட்டில் இறந்தாலும் 6 மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லிவிட்டால் அவர்களே வருவார்கள். அதுவரை கண்ணை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்தினால் போதும். விசிறிக்காற்றில் கருவிழி காய்ந்துவிடும். வயதோ, கண்ணாடி போட்டதோ, கண்புரை அறுவையோ தடை அல்ல.

உடல் தானத்துக்கு உடற்கூறியல் சட்டங்கள். தமிழ்நாட்டில் அது 1951-ம் ஆண்டுச் சட்டம். கேரளத்தில் இது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் இறந்தபோது, தந்தை உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தரச் சொன்னார் என்று மகன் சொன்னார். மகள் ஒருவர் அதை மறுத்து, கிறித்தவ முறைப்படி புதைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் போனார். எழுத்தில் எதுவும் இல்லை. ஆனால் வாய்மொழி விருப்பத்துக்குச் சாட்சிகள் இருந்தார்கள். கேரளச் சட்டம் அதை ஏற்கிறது. தனி நீதிபதி, இரு நீதிபதிகள் அமர்வு, பிறகு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் என்று எல்லாப் படியிலும் தானம் செல்லும் என்றே முடிவானது. வாய்ச்சொல் வென்றதுபோல் தெரிந்தாலும், அந்த உடல் மாதக்கணக்கில் குளிர்பெட்டியில் கிடந்ததையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

வீட்டில் இறந்தால்

உடல் தானம் செய்ய எழுதிவைத்தவர்களின் விருப்பம் சென்னையில் அதிகம் தோற்பது நீதிமன்றத்தில் அல்ல, ஒரு துண்டுத்தாளில். அந்தத் தாளின் பெயர் படிவம் 4ஏ.

மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் மரணத்துக்குக் காரணம் என்ன என்று மருத்துவர் தரும் சான்று அது. கடைசி நோயில் சிகிச்சை அளித்த மருத்துவர் அதைக் கட்டணம் வாங்காமல் தர வேண்டும் என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ன் 10-வது பிரிவு சொல்கிறது. அப்படி ஒரு மருத்துவர் இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு 82 வயதுப் பெரியவர் தூக்கத்தில் போய்விடுகிறார். வீட்டார் பதறி 108-ஐ அழைக்கிறார்கள். வந்தவர் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறார். சான்று தரும் அதிகாரம் அவருக்கு இல்லை. தெருமுனை கிளினிக் டாக்டர் பார்த்திராத நோயாளிக்கு எழுத மறுக்கிறார், அது நியாயமும்கூட. வேறு வழியில்லாமல் காரில் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே சீட்டில் எழுதப்படுவது: ‘கொண்டுவரும்போதே இறந்துவிட்டார்’. அதன்பின் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். காரணம் தெரியாத மரணம் என்பதால் பிரேதப் பரிசோதனை வரை போகலாம். பரிசோதனை செய்த உடலை எந்த மருத்துவக் கல்லூரியும் வாங்காது. இருபது ஆண்டுகளுக்கு முன் சாட்சியோடு எழுதிக்கொடுத்த படிவம் அந்தக் காரின் பின்சீட்டிலேயே காலாவதியாகிவிட்டது.

ஆகவே வயதானவரின் கடைசி மாதங்களில் ஒரு குடும்ப மருத்துவரோ வீட்டுக்கு வரும் வலிதணிப்பு மருத்துவரோ தொடர்ந்து பார்த்துவருவது முக்கியம். இரவில் அழைத்தால் வருவாரா, அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்று முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். அண்மைய பரிசோதனை முடிவுகளும் மருந்துச் சீட்டும் ஒரே கோப்பில் இருந்தால் மாற்று மருத்துவருக்கும் எழுதத் துணிவு வரும். மரணத்தை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மயானத்திலும் இந்தச் சான்றைத்தான் முதலில் கேட்பார்கள், ஆகவே இது உடல் தானக்காரர்களுக்கு மட்டுமான பாடம் இல்லை.

கல்லூரி மறுக்கும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். சென்னை மருத்துவக் கல்லூரியோ ஸ்டான்லியோ கீழ்ப்பாக்கமோ, உடலை மாணவர்களுக்காகப் பதப்படுத்த வேண்டும். தொடையிலோ கழுத்திலோ தமனியைத் திறந்து ஃபார்மலின் கலந்த திரவத்தைச் சுமார் 8 முதல் 10 லிட்டர் வரை உள்ளே செலுத்துவார்கள். ரத்தக்குழாய் வழியாகத்தான் அது விரல் நுனிவரை போய்ச் சேரும். உறுப்புகள் எடுத்த உடலிலும் பிரேதப் பரிசோதனை நடந்த உடலிலும் குழாய்கள் அறுபட்டிருப்பதால் திரவம் வெளியே கசிந்து உடல் கெட்டுவிடும். கண் எடுத்திருந்தால் பாதகமில்லை. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி மற்றும் சி, காசநோய் இருந்தவர்கள், அழுகத் தொடங்கிய உடல் ஆகியவற்றையும் ஏற்பதில்லை. சென்னை வெயிலில் குளிர்பெட்டி இல்லாமல் வைத்தால் ஒரு நாளுக்குள் அழுகல் தொடங்கும். வெளிநாட்டுப் பிள்ளைக்காகக் காத்திருக்கும் வீடுகள் பெட்டிக்குச் சொல்லத் தாமதிக்கக்கூடாது. இரவிலும் விடுமுறை நாளிலும் பதப்படுத்துகிறவர் இருப்பாரா என்பதையும் உடற்கூறியல் துறையில் முன்பே கேட்டுவைப்பது நல்லது. பிள்ளைகள் எல்லோரின் ஒப்புதல் கடிதத்தையும் ஆதார் நகலையும் கேட்பார்கள். ஒருவர் மட்டும் “எனக்கு இஷ்டமில்லை” என்று தொலைபேசியில் சொன்னாலே பொறுப்பாளர் தயங்குவார்.

கொடுத்த உடல் திரும்பி வராது, அஸ்தியும் கிடைக்காது. காரியத்துக்கு அஸ்தி வேண்டும் என்று நினைக்கும் வீட்டில் இதைச் சொல்லிவைக்காவிட்டால் மூன்றாம் நாள் சண்டை வரும். உடல் கிடைக்காதபோது புல்லால் உருவம் செய்து எரிக்கும் மரபு உண்டு என்பதைப் புரோகிதர்களே எடுத்துச்சொல்லிச் சமாதானம் செய்வதும் உண்டு.

உடல் போலீஸ் கையில் இருக்கும்போது

விபத்து, தற்கொலை, கொலை, சந்தேக மரணம் என்றால் யாருடைய விருப்பமும் கணக்கில் வராது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவுப்படி காவல்துறை விசாரணை. திருமணமான 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை. காவலில் மரணம் என்றால் 196-வது பிரிவில் நீதித்துறை நடுவர். “போஸ்ட்மார்ட்டம் வேண்டாம், எங்களுக்கு யார் மேலயும் சந்தேகம் இல்ல” என்று எழுதிக்கொடுப்பது அதிகாரியின் முடிவுக்கு ஒரு தகவல் மட்டுமே, அதற்கு மேல் எதுவும் இல்லை. உறுப்பு தானம் மட்டும் இங்கேயும் முடியும். காவல்துறை ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதிக்கொடுத்து, தடயவியல் மருத்துவரோடு ஒருங்கிணைத்தால் போதும். விபத்தில் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்புகள் கிடைப்பது இப்படித்தான்.

“உடலை வாங்க மாட்டோம்” என்று உறவினர்கள் பிணவறை முன் உட்காரும் போராட்டம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. குடும்பத்தின் கையில் இருக்கும் ஒரே பிடி அந்தக் கையெழுத்து என்பதை மக்கள் சட்டப் புத்தகம் படிக்காமலே கண்டுகொண்டிருக்கிறார்கள். ராஜஸ்தான் 2023-ல் சட்டம் போட்டு உடலை வைத்துப் போராடுவதைக் குற்றமாக்கியது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. மறுபரிசோதனை வேண்டுமென்றால் உடலை வாங்கும் முன்பே உயர் நீதிமன்றம் போக வேண்டும். வாங்கி எரித்துவிட்டால் ஆதாரம் போயிற்று. காவல் மரணங்களில் பரிசோதனையை வீடியோ எடுக்கவும், குடும்பத்தார் உடலைப் பார்க்கவும் மதுரை அமர்வு 2020-ல் வழிமுறைகள் வகுத்திருக்கிறது. வழக்குள்ள உடலைப் புதைக்கச் சொல்லிப் போலீஸ் வற்புறுத்துவதும் இதே காரணத்தால்தான்: தேவைப்பட்டால் தோண்டி எடுக்கலாம்.

பில் பாக்கி என்று தனியார் மருத்துவமனை உடலைப் பிடித்துவைப்பது தவறு. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பணத்துக்கு வழக்குப் போடலாம், உடலைப் பிணையாக வைக்கக்கூடாது. சொல்லியும் கேட்காவிட்டால் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

எங்கே புதைப்பது

இடத்தைப் பற்றிய விருப்பம் இன்னும் பலவீனமானது, ஏனென்றால் இங்கே எதிரில் நிற்பது குடும்பம் அல்ல, ஊர். சொந்த நிலம் என்பதால் சொந்தத் தோட்டத்தில் புதைத்துவிட முடியாது. ஊராட்சிப் பகுதிகளுக்கான 1999-ம் ஆண்டு விதிகள், குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் மயானம் கூடாது என்கின்றன. உரிமம் பெறாத இடத்தில் புதைப்பது கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-ல் உறுதிப்படுத்தியது.

2018 ஆகஸ்ட் 7 இரவு கருணாநிதிக்கு மெரினாவில் இடம் கேட்டு நடந்த வழக்கை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அண்ணாவுக்குப் பக்கத்தில் என்ற விருப்பம் ஊரறிந்தது. அரசு கிண்டி காந்தி மண்டபம் அருகே 2 ஏக்கர் தருவதாகச் சொன்னது. இரவு தொடங்கிய விசாரணை மறுநாள் காலை மெரினாவுக்கு அனுமதியாக முடிந்தது. ஆனால் நீதிமன்றத்தில் மோதியது பதவியில் இருந்த முதல்வர், முன்னாள் முதல்வர் என்ற வேறுபாடும் கடற்கரை விதிகளும். விருப்பம் மட்டுமே வாதமாக இருந்திருந்தால் நிற்குமா என்பது சந்தேகம். 2024 ஜூலையில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை பெரம்பூர் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்யக் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை சிறப்பு அமர்வில் நீதிபதி அது குறுகலான குடியிருப்புப் பகுதி என்று மறுத்தார். திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில் அடக்கம் நடந்தது.

கொரோனா முதல் அலையில், 2020 ஏப்ரலில், நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய முடியாமல், அண்ணா நகர் வேலங்காட்டிலும் கல்லடிக்கு நடுவே அவசரமாகப் புதைத்தார்கள். கீழ்ப்பாக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை என்று மனைவி போராடியதில், உடலைத் தோண்டி எடுத்து மறு அடக்கம் செய்யத் தனி நீதிபதி 2021-ல் உத்தரவிட்டார். இதை எல்லோருக்கும் கிடைக்கும் நிவாரணம் என்று எண்ண வேண்டாம். புதைத்த உடல் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, தோண்டி எடுப்பதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் காஷ்மீர் வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. முதல் முறையே சரியான இடத்தில் வைப்பதுதான் ஒரே வழி.

அஸ்திக்கு எந்தச் சட்டமும் இல்லை. மாநகராட்சி எரிவாயு மயானங்களில் அன்றே கிடைத்துவிடும். இரண்டு வீட்டுக்கும் வேண்டுமென்றால் அள்ளும்போதே இரண்டு கலசமாகக் கேட்டு வாங்குவது பின்னால் வரும் பஞ்சாயத்தைத் தவிர்க்கும்.

என்ன எழுதுவது, யாரிடம் கொடுப்பது

முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில், சொந்தக் கையெழுத்தில், ஒரு பக்கம். முதல் வரியில் விருப்பத்தை எழுதாமல் பெயரை எழுத வேண்டும்: என் உடலைப் பெற்று இறுதிக் காரியங்களை முடிவுசெய்யும் பொறுப்பை இன்னாரிடம் ஒப்படைக்கிறேன், அவர் இல்லாவிட்டால் இன்னார். பிறகு விருப்பம், அதன்பின் அது நடக்காவிட்டால் என்ன என்பது. உடல் தானம் கேட்பவர் ‘கல்லூரி ஏற்காவிட்டால் சடங்கின்றி எரிவாயு மயானத்தில்’ என்று எழுதாமல் விட்டால், கல்லூரி மறுத்த நொடியில் எல்லா முடிவும் மறுபடி உறவினர் கைக்குப் போய்விடும்.

சாட்சிகளாக நண்பர்களைப் பிடிப்பது வழக்கம். எதிர்க்கப்போகிறவர் என்று தெரிந்த பிள்ளையையே ஒரு சாட்சியாகக் கையெழுத்திட வைப்பதுதான் புத்திசாலித்தனம். மறுத்தால் அந்த வாக்குவாதம் இப்போதே நடக்கும், உயிரோடு இருக்கும்போது நடப்பது எவ்வளவோ மேல். கைபேசியில் இரண்டு நிமிட வீடியோவும் எடுத்துவைக்கலாம். மொழி புரியாத வெளியூர் மருமகனுக்குக்கூடப் புரியும். நோட்டரி சான்று கட்டாயமில்லை.

பொறுப்பாளர் மனைவியோ மகனோ அல்லாத ஒருவர் என்றால், மற்றவர்களின் மறுப்பின்மைக் கடிதத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் காவல் நிலையத்தில் அந்தத் தாளுக்கு மதிப்பு குறைவு. செலவுக்கான தொகையைப் பொறுப்பாளரோடு சேர்ந்த கூட்டுக் கணக்கில், இருவரில் யாரும் அல்லது உயிரோடிருப்பவர் எடுக்கலாம் என்ற முறையில் வைக்க வேண்டும். தனிக்கணக்கில் இருந்தால், இறந்த செய்தி போனதும் வங்கி முடக்கிவிடும். இறந்தவரின் ஏடிஎம் அட்டையை வைத்துப் பணம் எடுப்பது ஐஸ் பெட்டிக்காகவே என்றாலும் பிற்பாடு உடன்பிறந்தவர் புகார் கொடுக்க இடம் தரும்.

மூன்று நகல் போதும்: பொறுப்பாளரிடம் ஒன்று, மருத்துவரின் கோப்பில் ஒன்று, வீட்டில் மருந்து வைக்கும் இடத்தில் ஒன்று. மனம் மாறினால் பழையதைக் கிழித்தால் மட்டும் போதாது, புதிய தேதியிட்டு ‘முந்தையது செல்லாது’ என்று எழுதி அதே மூன்று இடத்துக்கும் கொடுக்க வேண்டும். உறுப்பு தானப் படிவம் கொடுத்திருந்தால், பதிவு செய்த இடத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.